காதுக்குப் பின்னால் ஒரு விரற்கடை

இரண்டு கையாலும் கழற்றினாள். அவ்வளவுதான் செய்தாள். மூன்றாவது வரிசையில் இரண்டாவது பெஞ்சு, பி.காம். இரண்டாம் ஆண்டு, காலையில் வருகைத்தாளில் ஜீவிதா என்று குண்டு குண்டாகக் கையெழுத்துப் போட்ட பெண். பேனாவை மூடி வைத்தாள், இரண்டு கைகளையும் ஒன்றாகத் தூக்கினாள், கண்ணாடியின் இரண்டு பக்கக் கம்பிகளையும் ஒரே சமயத்தில் பிடித்தாள், தூங்குகிற குழந்தையின் மேலிருந்து துணியை எடுப்பதுபோல நேராக முன்பக்கம் இழுத்தாள். துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டு, முடிக்குள் கையை விட்டு மறுபடி போட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்துவிட்டாள். நான் மிச்சமான கேள்வித்தாள்களோடு கதவோரத்தில் அப்படியே நின்றுவிட்டேன். கண்ணாடி போட்டவர்கள் ஒரு கையால்தான் கழற்றுவார்கள். எனக்குத் தெரியும், பல வருடமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் துறைத்தலைவர் பேச்சு நடுவில் இடதுகையால் ஒரு சுண்டு சுண்டுவார், கண்ணாடி கைக்கு வந்துவிடும். பஸ்ஸில் முன்சீட்டுக்காரர்கள் நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டுத் தூங்குவார்கள். இரண்டு கையால், இப்படி நேராக எடுக்கிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருவன்தான். நான். ஒரு கையால் எடுத்தால் கம்பி பக்கவாட்டில் திரும்பும், திரும்பும்போது காதுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற, காது கேட்க வைக்கிற மெஷினையும் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு வரும், அது மெல்லிய ஒயரில் தொங்கி ஆடும், இல்லாவிட்டால் விழும். எனக்கு இரண்டு முறை விழுந்திருக்கிறது. ஒருமுறை வீட்டில், பல் விளக்கும்போது. இன்னொரு முறை பவானிப் பாலத்தின் மேல் டவுன் பஸ்ஸில். குனிந்து எல்லாருடைய கால்களுக்கும் நடுவில் தேடினேன். என்ன தொலைந்தது என்று கேட்டவர்களிடம் சட்டைப் பட்டன் என்றேன். ஒரு பட்டனுக்கா இந்தப் பாடு என்று ஒரு அம்மாவின் வாய் அசைந்தது தெரிந்தது. அதற்குப் பிறகுதான் இரண்டு கை. அப்படியென்றால் இவள்? அந்த முடிக்குள்?

மணி பத்து ஐம்பது. ஒரு மணி வரை தேர்வு. அறை எண் பதினான்கு, இரண்டாவது மாடி, இருபத்தைந்து பேர், வணிகப் புள்ளியியல். பத்து மணிக்கு முன்னால் விதிமுறைகளைப் படித்தது நான்தான், தினமும் நான்தான் படிக்கிறேன். செல்போன், ஸ்மார்ட் வாட்ச், ப்ளூடூத், எந்தவித மின்னணுக் கருவியும் தேர்வறைக்குள் இருக்கக்கூடாது, இருந்தால் விடைத்தாள் பறிக்கப்படும், மூன்று பருவங்களுக்குத் தேர்வெழுத முடியாது. படிக்கும்போது என் இரண்டு காதிலும் இரண்டு மின்னணுக் கருவிகள் பேட்டரியோடு ஓடிக்கொண்டிருந்தன. சிரிப்பு வர வேண்டும், வருவதில்லை. அந்தத் தாளில் இன்னொரு வரியும் இருக்கிறது: தேர்வர்களின் காதுகள் தெரியும்படி முடியை ஒதுக்கச் செய்ய வேண்டும். அந்த வரியை மட்டும் நான் வாசிக்கமாட்டேன். முடியை ஒதுக்குங்கள் என்று நான் சொன்னால் முதலில் என் முடியைத்தானே பார்ப்பார்கள். காதை மூடி வளர்ந்து கிடக்கிற முடி. ஆசிரியர் ஓய்வறையில், என்ன மாதேஸ் சார், ஆடிஷனுக்குப் போறீங்களா என்று கேட்காத நாள் கிடையாது. நான் சிரித்துவைப்பேன். பிள்ளைகளோ என்னை இரக்கக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், மாதேஸ்வரன் சார் ஹால் என்றால் சோதனை கிடையாது என்று. அந்த நல்ல பெயர் எனக்கு வந்த வழி இது. போன ஜூன் மாத நேர்காணலில் தாளாளர் கடைசிக் கேள்வியாக, உடம்புக்கு ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டார், வாத்தியாருக்குத் தொண்டையும் காதும்தானே முக்கியம் என்று அவரே சேர்த்துக்கொண்டு சிரித்தார். இல்லிங்க சார் என்றேன். அதற்கு முன் ஏழு இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தேன், ஏழு இடத்திலும் தகவல் அனுப்புகிறோம் என்றார்கள். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். எட்டாவது நேர்காணலுக்குப் போகும்போது முடி வளர்ந்திருந்தது. இப்போது ஏப்ரல். அடுத்த வாரம் யார் யாருக்கு வேலையை நீட்டிக்கிறார்கள் என்ற பட்டியல் வரும். அவளுக்கும் ஏதோ ஒரு கணக்கு இருக்க வேண்டும். சான்றிதழ் கொடுத்துப் பதிவு செய்திருந்தால் இருக்கைப் பட்டியலில் பெயருக்கு எதிரே சிவப்பு வட்டம் இருக்கும், கூடுதல் நேரமும் உண்டு. பட்டியலை எடுத்துப் பார்க்கிறேன், விரலை வைத்துப் பார்க்கிறேன். வட்டம் இல்லை. அவளும் யாரிடமோ இல்லிங்க என்று சொல்லியிருக்கிறாள். மெஷின் இருப்பது உண்மையென்றால், இன்று பறக்கும் படை வந்தால், மூன்று பருவம். ஒன்றரை வருடம். இருக்காது, நானே கற்பனை செய்கிறேன். இரண்டு கையால் கண்ணாடி எடுப்பது ஒரு பழக்கமாகக்கூட இருக்கலாம்.

ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும்போல இருக்கிறது. பயத்தைவிட அதுதான் இப்போது பெரிதாக நிற்கிறது, வெட்கமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். எந்தப் பக்கம் போட்டிருக்கிறாள், இரண்டு பக்கமுமா, என்ன நிறம், வலிக்கவில்லையா. என்னை மாதிரி ஒருத்தரை நான் பக்கத்தில் பார்த்ததே இல்லை. காது டாக்டரின் வரவேற்பறையில் பெரியவர்கள் இருப்பார்கள், அவர்கள் படிக்கும்போது மட்டும் கண்ணாடி போடுவார்கள், மற்ற நேரம் சட்டைப் பையில். நாள் முழுக்க இரண்டையும் சுமக்கிறவர்களுக்குத்தான் தெரியும், காதுக்குப் பின்னால் இருக்கிற இடம் எவ்வளவு என்று. ஒரு விரற்கடை இருக்குமா? சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் மொபெட்டையும் கொண்டுவந்து சொருகிய மாதிரி. எனக்கு வலது காதுக்குப் பின்னால் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது, சாயங்காலம் தொட்டால் எரியும், தேங்காயெண்ணெய் வைப்பேன், காலையில் மெஷின் வழுக்கும், துடைப்பேன், மறுபடி எரியும். கண்ணாடியும் கோணல். இடப்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். சார் கண்ணாடி கோணலா இருக்கு என்று முதலாண்டுப் பிள்ளைகள் சொல்வார்கள், நான் சரி செய்வேன், அது உடனே பழைய இடத்துக்கு வந்துவிடும். காரணம் எனக்குத் தெரியும். கண்ணாடிக் கடையில் அந்த இளைஞர் கம்பியைச் சூடு பண்ணி, காதுக்குத் தகுந்த மாதிரி வளைக்கிறேன், காதைக் காட்டுங்கள் என்றார். கடைக்குப் போகும் முன்பே இரண்டு மெஷினையும் கழற்றிப் பையில் போட்டுவிட்டிருந்தேன். முடியை ஒதுக்கி, ஒன்றுமில்லாத வெறும் காதைக் காட்டினேன். அவர் வெகு அழகாக, தோலோடு தோல் ஒட்டுகிற மாதிரி வளைத்துக் கொடுத்தார். இல்லாத ஒரு காதுக்குச் செய்த கண்ணாடி. வெளியே வந்து மறைவாக நின்று மெஷினை மாட்டினேன், கண்ணாடி உட்கார மறுத்தது. திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். பத்து மாதமாகச் சொல்லவில்லை. இவளும் அப்படித்தான் வெறும் காதைக் காட்டியிருப்பாளா? இவளுடைய கண்ணாடி கோணலாக இல்லையே. தடித்த பழுப்பு நிறப் பிளாஸ்டிக், நான் வேண்டாமென்று ஒதுக்கிய வகை, ஆனால் அளவுகோல் வைத்த மாதிரி நேராக உட்கார்ந்திருக்கிறது. எப்படி? இரண்டாவது வரிசைக்கும் மூன்றாவது வரிசைக்கும் நடுவில் மெதுவாக நடந்து பார்க்கிறேன். கிளிப் போட்ட முடி, கழுத்துவரை, ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வரிசையில் இருக்கிற பையன் விடைத்தாளைக் கையால் மறைக்கிறான், நான் அவனைச் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டான் பாவம்.

கண்ணாடி இல்லாவிட்டால் எனக்குக் காது கேட்காது. இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், சொன்னதும் இல்லை. மெஷின் சத்தத்தைக் கொண்டுவந்து கொட்டும். மின்விசிறி, நாற்காலி இழுப்பது, காகிதம் புரட்டுவது, எல்லாம் தகரக் கூரையில் மழைபோல ஒரே குவியலாக. அதிலிருந்து பேச்சைப் பொறுக்கி எடுப்பது உதடுதான். உதடு தெரியக் கண்ணாடி வேண்டும். அதனால்தான் இரண்டும் ஒரே இடத்தில் சண்டை போட்டாலும் ஒன்றை விட்டு ஒன்று முடியாது. உதடு பார்ப்பதை எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, அம்மா இருபது வருடம் தறி ஓட்டினவள், எட்டு விசைத்தறி ஓடுகிற கூடத்தில் யாரும் குரலால் பேசுவதில்லை, வாயை மட்டும் அசைப்பார்கள், மிச்சத்தைக் கை சொல்லும். சாப்பிட்டாயா என்பதற்கு ஒன்று, இழை அறுந்துவிட்டது என்பதற்கு ஒன்று, முதலாளி வருகிறார் என்பதற்கு மீசையை முறுக்குவது. வீட்டுக்கு வந்தும் அம்மா அப்படியே பேசுவாள், பாதிக் குரல், மீதி வாய். அதனால் என் காது போய்க்கொண்டிருந்தது எட்டாம் வகுப்புவரை யாருக்கும் தெரியவில்லை, எனக்கே தெரியவில்லை. கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே பேசுகிற கணக்கு வாத்தியார் வந்த பிறகுதான் தெரிந்தது. ரெண்டு தறிக்கு நடுவால தொட்டில் கட்டி உன்னப் போட்டது நாந்தானே சாமி என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, காய்ச்சலாகவும் இருக்கலாம், பிறவியாகவும் இருக்கலாம் என்றார். அம்மா அந்த இரண்டையும் விட்டுவிட்டுத் தொட்டிலைப் பிடித்துக்கொண்டாள். காலையில் மெஷினை ஒவ்வொன்றாக வாங்கி உள்ளங்கையில் வைத்து மூடுவாள். உயிரோடிருக்கிற மெஷின் மூடிய கைக்குள் கீச்சென்று கத்தும், பேட்டரி போயிருந்தால் கத்தாது. அந்தச் சத்தம் மெஷின் இல்லாத என் காதுக்கு எட்டாது, அம்மாதான் சொல்ல வேண்டும். கத்துது சாமி, போட்டுக்கோ என்பாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் தொட்டில் இருக்காது.

கீச்சென்றது. இப்போதுதான், இங்கேதான். ஊசி நுனிபோல மெல்லிய சத்தம், இரண்டு நொடி. என் கை தானாக வலது காதுக்குப் போனது. என்னுடையது இல்லை, என் கை அதுவரை கேள்வித்தாள் மேல் இருந்தது, தலை எதிலும் சாய்ந்திருக்கவில்லை. அவள். ஜீவிதா கன்னத்தில் கையை ஊன்றி யோசித்துக்கொண்டிருந்தவள், விருட்டென்று கையை எடுத்து முடிக்குள் விரலை விட்டாள். என் கை என் காதில், அவள் கை அவள் காதில். ஒரு கணம் பார்த்தாள். நான் தலையைச் சொறிவதாக மாற்றினேன். அவள் பொட்டைச் சரிசெய்வதாக மாற்றினாள். கடைசி பெஞ்சில் ஒருவன் ஜன்னல் பக்கம் திரும்பி எந்தப் பறவை என்று பார்த்தான். ஆக இருக்கிறது. கற்பனை இல்லை. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, அதற்குள்ளேயே ஒரு சந்தோஷமும், கெட்ட சந்தோஷம் என்றுகூடச் சொல்லலாம், நான் மட்டும் இல்லை என்று. அவளுக்குப் புரிந்திருக்குமா? புரிந்திருந்தால் நல்லதா? பதினொன்று பத்துக்கு மறுபடி கண்ணாடியைத் துடைத்தாள், வியர்வை, மின்விசிறி மேலே சுற்றுகிறதே தவிர காற்று கீழே வரவில்லை. இந்த முறை நான் ஜன்னலோரம் இருந்தேன், பக்கவாட்டில் தெரிந்தது. இரண்டு கை, நேராக முன்னால். துடைத்தாள். போட்டுக்கொள்ளும்போதுதான் முடிக்குள் விரல்கள் அசைந்த விதத்தைக் கவனித்தேன்: முதலில் இரண்டு மெஷினையும் விரலால் தூக்கிக்கொண்டாள், கண்ணாடியை மாட்டினாள், பிறகு மெஷினை ஒவ்வொன்றாக மேலிருந்து இறக்கினாள். கண்ணாடி முதலில், மெஷின் பிறகு. கம்பி தலையை ஒட்டி உள்ளே, மெஷின் வெளியே. நான் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். காலையில் எழுந்ததும் மெஷின், பிறகு கண்ணாடி, ஏனென்றால் காது முதலில் வேண்டும் என்று நினைத்தேன். அதனால் கம்பி நாள் முழுக்க மெஷின் மேல் ஏறி உட்கார்ந்து எலும்பில் அழுத்துகிறது. யாரும் சொல்லாத ஒன்றை இந்தப் பெண் எங்கே கண்டுபிடித்தாள்? முகம் பார்க்கிற கண்ணாடி முன்னால் நின்று எத்தனை நாள் போட்டுப் பார்த்திருப்பாள்? செய்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, வேப்பமரத்தைப் பார்ப்பதுபோல நின்று, வலது மெஷினை மட்டும் தூக்கி, கம்பியை உள்ளே தள்ளி, மெஷினை வெளிப்பக்கம் இறக்கினேன். பள்ளத்தில் எரிச்சல் பாதியாகிவிட்டது. பாதி. பத்து மாத எரிச்சல். வேப்பமரத்தில் ஒரு காகம் அலகைத் திறந்து மூடியது, சத்தமும் கூடவே வந்தது. இடதையும் மாற்றலாம் என்று கையைத் தூக்கியபோது வாசலில் பாவாயி அக்கா நின்றாள்.

பாவாயி அக்கா தேர்வு நாட்களில் அறை அறையாகத் தண்ணீர் கொடுப்பாள். அம்மாவோடு ஒரே கூடத்தில் தறி ஓட்டியவள், மூச்சிரைப்பு வந்து இங்கே சேர்ந்தாள். தெருவில் பார்த்தால் மாதேசு, கல்லூரிக்குள் சார். என் காது இந்தக் கட்டடத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும், ஒருநாளும் ஒருவரிடமும் சொன்னதில்லை, என்னிடம் அதைப் பற்றிப் பேசியதும் இல்லை. வாசலில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்து மீசையை முறுக்கினாள். பிறகு அது போதாதென்று நினைத்தாளோ என்னவோ, புடவைக் கொசுவத்தை நீவிவிட்டுக் காட்டினாள். மீசை வைத்த பொம்பளை முதலாளி. சிரித்துவிட்டேன். வாயை மட்டும் அசைத்தாள்: பன்னண்டாம் நம்பர்ல இருக்காங்க, முடிய தூக்கித் தூக்கிப் பாக்கறாங்க. தண்ணீர்ச் செம்பை முதல் பெஞ்சுக்காரனிடம் நீட்டினாள், போய்விட்டாள். பன்னிரண்டு, பதின்மூன்று, பிறகு நாங்கள். பத்து நிமிடம். என்ன செய்யலாம்? ஜீவிதாவிடம் போய் மெஷினைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிடு என்று சொல்லலாமா, எல்லாரும் பார்ப்பார்கள், அவளும் ஆடிப்போய்விடுவாள், கழற்றினால் அவர்கள் கேட்கிற கேள்வி காதில் விழாது, பதில் சொல்லாத பெண் என்று இன்னும் சந்தேகம் வரும். கழிப்பறைக்கு அனுப்பலாமா, பெண் கண்காணிப்பாளர் துணைக்கு வேண்டும். தலைமைக் கண்காணிப்பாளரிடம் ஓடிப்போய், பதினான்காம் அறையில் ஒரு பெண் காது மெஷின் போட்டிருக்கிறாள், பதிவு விட்டுப்போய்விட்டது என்று முன்கூட்டியே சொல்லலாம், ஆனால் நான் அறையை விட்டு நகரக்கூடாது. அதோடு, எப்படி சார் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்பார். எல்லா வழியும் சுற்றிக்கொண்டு வந்து அந்தக் கேள்வியில்தான் முடிகிறது. எப்படித் தெரியும். நான் ஒன்றும் சொல்லாமலும் இருக்கலாம். அதுவும் ஒரு வழிதான். மெஷின் என்று தெரிந்தால் அவர்களே விட்டுவிடுவார்கள், மனிதர்கள்தானே. இதைச் சொல்லிக்கொண்டபோதே நான் பட்டியலை, அடுத்த வாரத்துப் பட்டியலை நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்குத் தெரிந்தது. அவள் ஸ்கேல் வைத்து அட்டவணை கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள். நேரான கண்ணாடி. நேரான கோடு.

இரண்டு பேர் வந்தார்கள். பக்கத்து ஊர்க் கல்லூரியைச் சேர்ந்த வேதவல்லி மேடம், சந்தன நிறப் புடவை, கையில் நோட்டு. கூட வந்த பேராசிரியர் பையன்கள் பக்கம் போனார். மேடம் பெண்கள் வரிசையில் பேனா நுனியால் முடியை ஒதுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார், முரட்டுத்தனம் இல்லை, பலநாள் செய்த வேலை. ஜீவிதாவுக்குப் பின்னால் நின்று ஒதுக்கினார். நின்றார். குனிந்தார். என்னம்மா இது என்று கேட்டதை நான் உதட்டில் பார்த்தேன், பின்னாலிருந்து கேட்டதால் அவளுக்குத் தெரிய வழியில்லை. எழுதிக்கொண்டே இருந்தாள். மேடத்தின் கை விடைத்தாளுக்குப் போனது, அது மேசையிலிருந்து எழும்பியதும்தான் ஜீவிதா திரும்பினாள், வாய் திறந்தது. அந்தத் திறந்த வாயை எனக்குத் தெரியும். என்ன கேட்டார்கள் என்று தெரியாதபோது திறக்கிற வாய் அது. என் கால்கள் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தன.

"மேடம், அது ப்ளூடூத் இல்லிங்க. காது மெஷின்."

அவர் என் பக்கம் திரும்பினார், நல்லவேளை, முகம் முழுசாகத் தெரிந்தது.

"பேப்பர் ஏதும் குடுத்திருக்காளா?"

"இல்லிங்க."

"போன வாரம் ஒரு பையனும் காது மெஷின்னுதான் சொன்னான் சார். உள்ள ஆன்சர் ஓடிட்டிருந்துச்சு. நீங்க எத வச்சு சொல்றீங்க?"

வந்துவிட்டது, அந்தக் கேள்வி. காலையிலேயே அவள் என்னிடம் சொன்னாள் என்று ஒரு பொய் வாய்வரை வந்தது, சுத்தமான பொய், யாருக்கும் வலிக்காது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், என் உதட்டை. இன்னொரு இல்லிங்கவை இந்தப் பெண் என் உதட்டிலிருந்து படிக்க வேண்டுமா? இரண்டு கையையும் தூக்கினேன். கண்ணாடியை நேராக முன்னால் இழுத்தேன், சட்டைப் பையில் போட்டேன். முடியை ஒதுக்கி இடது மெஷினை எடுத்தேன், வலதையும் எடுத்தேன். ஒன்றை மேடத்தின் பக்கம் நீட்டினேன்.

"இத உள்ளங்கைல வச்சு மூடுங்க மேடம். கத்தும். அந்தப் பொண்ணோடதையும் வாங்கி மூடிப் பாருங்க. போன் பேசற கருவி இப்படிக் கத்தாதுங்க."

சொன்னேன் என்று நினைக்கிறேன். என் குரல் எலும்புக்குள் மட்டும் அதிர்ந்தது, சத்தமாகச் சொன்னேனா மெதுவாகவா என்று தெரியவில்லை. பிறகு ஒன்றுமில்லை. மின்விசிறி நின்றுவிட்டது, தகரக் கூரை மழை நின்றுவிட்டது, அறை பஞ்சுக்குள் போய்விட்டது. சந்தன நிறம் ஒன்று அசைந்தது. இருபத்தைந்து கறுப்புப் புள்ளிகள் என் பக்கம் திரும்பியிருந்தன, கண்களா தலைகளா தெரியவில்லை. சந்தன நிறத்தின் ஒரு நுனி மூடியது, திறந்தது. மங்கலாக இன்னொன்று அதற்குள் போயிற்று, மறுபடி மூடியது. கத்தியதா? எனக்குக் கேட்காது. ஒவ்வொரு காலையிலும் கத்துது சாமி என்று சொல்ல ஒரு ஆள் உண்டு, இங்கே யார் சொல்வார்கள்? அவளுடைய பேட்டரி பலவீனமாக இருந்தால்? ஆச்சரியம், அப்போதும் எனக்கு ஒரு ஆசை இருந்தது, இவ்வளவு அருகில் அவளுடைய மெஷின் இருக்கிறதே, கண்ணாடி இல்லாமல் போயிற்றே, நிறம் தெரியவில்லையே என்று. என் கையைத் தொட்டு யாரோ என் மெஷினைத் திருப்பி வைத்தார்கள். விரல்கள் சின்னதாக இருந்தன. அவள்தான். முதலில் கண்ணாடியைப் போட்டேன். உதடுகள் வந்தன. பிறகு மெஷின்களை வெளிப்பக்கம் இறக்கினேன், இரண்டையும், அவள் செய்த மாதிரி. மழை பெய்ய ஆரம்பித்தது. மேடம் என்னிடம் என் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தார், இரண்டாவது தடவையாக இருக்க வேண்டும். சொன்னேன். உங்க காலேஜுக்கு இது தெரியுமா என்றார். தெரியாதுங்க என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டார், என்ன எழுதினார் என்று தெரியவில்லை. நாளைக்குள்ள ரெண்டு பேரும் பேப்பர் குடுத்துடுங்க என்றார், ரெண்டு பேரும் என்பதைச் சற்று மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து சொன்னார், எங்களைப் போன்றவர்களிடம் எல்லாரும் சொல்வதுபோல. விடைத்தாளை அவள் மேசையில் வைத்து, ஓரத்தைத் தட்டி நேராக்கினார். எட்டு நிமிஷம் போச்சு, அந்தப் பொண்ணுக்கு மட்டும் சேத்துக் குடுங்க. போய்விட்டார்கள். இருபத்தைந்து பேனாக்களும் உடனே ஓடவில்லை. கடைசி பெஞ்சுக்காரன் என் காதைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன், அவன் தாளைப் பார்த்தான். மதியத்துக்குள் கல்லூரி முழுக்கத் தெரிந்துவிடும். நேர்காணலில் இல்லை என்று சொன்னவன் என்று தாளாளர் கூப்பிட்டுவிடுவார். அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

பன்னிரண்டே காலுக்கு ஜீவிதா எழுந்து நின்றாள். அடிஷனல் ஷீட். கொடுத்தேன், கட்டுவதற்கு வெள்ளை நூல் ஒன்றும் கொடுத்தேன். உட்காரவில்லை.

"இன்னொரு நூல் வேணும் சார்."

"ஒரு ஷீட்டுக்கு ஒன்னு போதுமேம்மா."

"ஷீட்டுக்கு இல்லிங்க சார்."

என் முகத்தைப் பார்த்து, அவசரமில்லாமல் சொன்னாள். நூல் கட்டிலிருந்து இன்னொன்று உருவிக் கொடுத்தேன். முதல் நூலால் தாளைக் கட்டினாள். கிளிப்பை எடுத்துப் பெஞ்சில் வைத்தாள். இரண்டு கையாலும் முடியை அள்ளிப் பின்னால் கொண்டுபோய், இரண்டாவது நூலால் இறுக்கிக் கட்டி, முடிச்சுப் போட்டுவிட்டு எழுத ஆரம்பித்தாள். நீலம். இரண்டு மெஷினும், கல்லூரிப் பேருந்தின் நீலம். நான் தோல் நிறத்தில் வாங்கி, அதற்கு மேல் முடியையும் வளர்த்தவன். ஜன்னலோரம் போய் நின்று நன்றாகப் பார்த்தேன், இனி திருட்டுத்தனமாகப் பார்க்க வேண்டியதில்லை. கம்பி உள்ளே, மெஷின் வெளியே, அது ஏற்கெனவே தெரிந்ததுதான். ஆனால் அந்தத் தடித்த பிளாஸ்டிக்கின் நுனி காதுக்குப் பின்னால் வளையவே இல்லை. கீழே இறங்கவில்லை. பென்சில்போல நேராகப் பின்பக்கம் போய் நின்றுவிட்டது. வளைவு இருக்க வேண்டிய இடம் முழுக்க மெஷினுக்கு. அதனால்தான் கோணல் இல்லை. யாரோ சூடுபண்ணி, அந்த வளைவை நிமிர்த்திக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியென்றால் அவள் அந்தக் கடையில் மெஷினோடு நின்றிருக்கிறாள், முடியை ஒதுக்கி, இதோ இப்படித்தான் இருக்கும் என் காது என்று காட்டியிருக்கிறாள். கல்லூரியில் மறைத்தவள் கடையில் காட்டியிருக்கிறாள். எந்தக் கடை? ஈரோடா, பவானியா? வளைவை எடுத்தால் குனியும்போது வழுக்காதா? என் மெலிந்த உலோகக் கம்பியையும் நிமிர்த்த முடியுமா, உடைந்துவிடுமா? இன்னும் நாற்பது நிமிடமும் அவளுக்கு எட்டு நிமிடமும் இருக்கின்றன. தாளை வாங்கும்போது கேட்டுவிட வேண்டும்.